கைக்கணக்கு

ஜிந்துப்பிட்டிக் கடையில்
யாரும் இப்போது நிறை சொல்லிக் கேட்பதில்லை.
நூறு ரூபாக்குப் பருப்பு.
ஐம்பதுக்குச் சீனி.
இருபதுக்குத் தூள், கொஞ்சம் பாத்துப் போடு தம்பி.
காசு நின்ற இடத்திலேயே நிற்கிறது.
பருப்புத்தான் நகர்ந்துகொண்டு போகிறது.

தராசில் மூன்று திரை.
நிறைக்கு ஒன்று, கிலோ விலைக்கு ஒன்று.
நான் பார்ப்பது மூன்றாவதை.
100.00 விழுந்ததும் நிறுத்த வேண்டும்.

எட்டு வருடம் அள்ளிய கை இது.
கிலோ நூற்றெண்பது விற்ற நாளில்
இரண்டு கரண்டி, ஒரு அரை, கடைசியில் ஓர் உதறல்.
திரையைப் பாராமலே நூறில் நிற்கும்.
முதலாளி புது ஆட்களுக்கு வேடிக்கை காட்டுவார்:
"எங்கட பொடியனுக்குக் கையிலயே தராசு."

பிறகு அந்தக் காலைகள் வந்தன.
ஏழரைக்கு நாலாம் குறுக்குத் தெருவிலிருந்து தொலைபேசி.
முதலாளி "ம்" என்பார்.
கொஞ்சம் பொறுத்து, இன்னொரு "ம்".
கப்பல் வந்து நிற்கிறதாம், இறக்க டொலர் இல்லையாம்.
கடை வாசலில் எட்டிப் பார்த்தால்
கிரேன்களின் தலை தெரியும், அசையாமல்.

புது விலை அவர் காதுக்கு வந்தது,
அட்டைக்கு வந்தது, தராசுக்கும் வந்தது.
என் கைக்கு வந்து சேரத்தான் பிந்தியது.
அது நேற்றைய விலையில் அள்ளிவிடும்.
திரை 113 காட்டும்.
பைக்குள் கைவிட்டுத் திரும்ப எடுப்பேன்.
அந்த நேரம் வாங்க வந்தவர்கள்
சோடாப் பெட்டியைப் பார்ப்பார்கள்,
கலண்டர்ப் பிள்ளையாரைப் பார்ப்பார்கள்,
தங்கள் செருப்பைப் பார்ப்பார்கள்.

ருக்‌ஷியாவின் மகள் ஹம்தா மட்டும்
என் விரலையே பார்த்தபடி நிற்பாள்.
எட்டு வயது. மூக்குக்கு நேரே மேசை விளிம்பு.
ஒருநாள் கேட்டாள்:
"நானாட கை சின்னதாப் பெய்த்தா எண்டு
உம்மா கேக்கச் சொன்ன."
வரிசை சிரித்தது. நானும் சிரித்தேன்.
அவள் சிரிக்கவில்லை,
பதிலோடு வீட்டுக்குப் போக வேண்டியவள்.
"பருப்பு பெருத்திட்டுது" என்றேன்.
பையைத் தூக்கிப் பார்த்தாள்.
நம்பவில்லை.

கிலோ அறுநூற்றைம்பதான மாதம்
கை ஒருவழியாகப் பாடம் படித்தது.
நூறு ரூபா என்றால் ஒரு கரண்டி, அதுவும் தலை தட்டி.
படித்ததை மறக்கவும் தெரியவில்லை அதற்கு:
அறையில் எனக்கே சோறு போடும்போதும்
பாதிக் கோப்பையில் நின்றது.
சம்பளம் பழைய சம்பளம்.
மத்தியானப் பார்சலில் மீன் போய் முட்டை வந்தது.
முட்டை போய்
அரை முட்டை வந்தது, மஞ்சள் கரு பக்கம் எனக்கா
மற்றவனுக்கா என்று சண்டையும் வந்தது.

ஒருநாள் ஹம்தாவின் பையில்
112 வந்த பிறகும் பேசாமல் முடிச்சுப் போட்டேன்.
முதலாளி பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.
மாத முடிவில் சம்பளத்தில்
பன்னிரண்டு ரூபா குறைந்திருந்தது.
கணக்கில் நேர்மையான மனிதர்.
அவருக்கும் நாலாம் குறுக்குத் தெருவில் கொப்பி இருக்கிறது.

இப்போது விலை இறங்கிவிட்டது.
கிரேன்கள் அசைகின்றன.
தொலைக்காட்சியில் ஒருவர் டை கட்டிக்கொண்டு
சதவீதம் சொன்னார், நல்ல சதவீதம்தான்.
கிலோ முன்னூற்றுப் பத்து.

கைதான் அறுநூற்றைம்பதில் நிற்கிறது.
ஒரு கரண்டி போட்டு, தலை தட்டி, ஓய்ந்துவிடுகிறது.
திரையில் 48.
போடு, இன்னும் போடு என்று
நானே அதை அதட்ட வேண்டியிருக்கிறது.

ருக்‌ஷியா குவைத்தில், யாருடைய வீட்டிலோ சமைக்கிறாளாம்.
இரண்டாம் மாதமே ஆள்மூலம் காசு அனுப்பி
கொப்பியில் இருந்த நாலாயிரத்து முன்னூறையும் தீர்த்துவிட்டாள்.
ஹம்தா மாபோலையில், மாமி வீட்டில்.
அங்கே பருப்பு வாங்கப் போவது அவளா என்று
கேட்க எனக்கு ஆளில்லை.

இன்றைக்கு ஒரு புது முகம்.
கசங்கிய ஒற்றைத் தாள், நூறு ரூபாக்குப் பருப்பு.
அள்ளுகிறேன். நிறுத்துகிறேன்.
மறுபடி பைக்குள் கொட்டுகிறேன்,
மறுபடியும்.
அவள் பார்க்கவில்லை.
குனிந்து தன் செருப்பைப் பார்த்தபடி நிற்கிறாள்,
நான் எடுத்து முடிக்கட்டும் என்று.